எளாவூர்க் கரையும் இனாமும்

தமிழ் பாஷையில் மிகவும் கடினமான வாக்கியம் எது என்று கேட்டால், புலவர்கள் பழைய செய்யுள் ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். தனியாகப் பிரயாணம் செய்கிறவரைக் கேட்டால், "உங்கள் இஷ்டம், ஐயா!" என்ற மூன்று சொற்களைத்தான் சொல்லுவார். வண்டிக்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "எவ்வளவு?" என்ற கேள்விக்கு இவ்விதம் விடை பகர்ந்து, எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்போது பிரயாணியின் உள்ளத்தில் எழும் போராட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அதிகம் கொடுத்தால் ஏமாளி. குறைத்துக் கொடுத்தால் கருமி. ஒன்றும் கொடாமல் போனாலோ அன்றிரவு தூக்கம் வராது.

குடும்பத்தோடு போகும்போது இந்தச் சங்கடம் அவ்வளவாகத் தெரிவதில்லை. வீட்டுப் பெரியவர் பையைத் திறப்பார். "போதும், போதும்" என்று அம்மாள் தடுப்பார். "பாவம், இன்னும் பத்து ரூபாய் சேர்த்துக் கொடேன்" என்று பாட்டியார் சிபாரிசு செய்வார். இந்த மூவர் வழக்கில் நியாயமான ஒரு தொகை தானாகவே தீர்ப்பாகிவிடும். தனியே போகிறவருக்கோ வாதியும் அவரே, பிரதிவாதியும் அவரே, நீதிபதியும் அவரே! ஆண்களும் பெண்களும் தனியே ஊர் பார்க்கப் புறப்படுவது சகஜமாகிவிட்ட இந்நாளில், கொடுக்கும் முறையைக் கற்றுக்கொள்வது அவசியமாகிறது. அதற்கு ஏற்ற பள்ளிக்கூடம் ஒன்று சென்னைக்கு வெகு அருகிலேயே இருக்கிறது.

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில், கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும் வருவது எளாவூர். அடுத்த ஸ்டேஷன் ஆரம்பாக்கம். அதற்கப்பால் ஆந்திர நாடு. லாரி ஓட்டுகிறவர்களுக்கு எளாவூர் என்றால் சோதனைச் சாவடிதான் நினைவுக்கு வரும். ஆனால் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பிப் பாருங்கள். சிறிது தூரத்துக்கெல்லாம் வயல்கள் குறைகின்றன. உவர் நிலம் தலைகாட்டுகிறது. பிறகு வானமும் நீரும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும் பெரும் பரப்பு கண்ணுக்கெதிரே விரிகிறது. அதுதான் பழவேற்காடு ஏரி.

ஒடிஷாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும் பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்கோடி மட்டுமே தமிழ்நாட்டின் பங்கு. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் தன் உப்பு நீரை அனுப்புகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் பொங்கி நிற்கும் ஏரி, கோடையில் சுருங்கிச் சேறாகிவிடும். பனிக்காலத்தில் பூநாரைக் கூட்டங்கள் வந்து, நீண்ட கால்களில் தவம் செய்வதுபோல் நிற்கின்றன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு. விண்வெளிக்கு ராக்கெட் செல்லும் அந்தத் தீவிலிருந்துதான், ஒரு காலத்தில் சென்னை நகரத்தின் அடுப்புகளுக்கு விறகு வந்தது. பக்கிங்காம் கால்வாயின் கரையோரமாக மனிதர்கள் கயிறு கட்டி இழுத்துப் படகுகளைக் கொண்டுபோன காலம் அது.

இந்த ஏரிக்கரையில் வழங்கும் ஒரு சொல்லைத்தான் நாம் முதலில் கற்க வேண்டும். அது "பாடு" என்னும் சொல். நாம் பாடு என்றால் உழைப்பு என்று பொருள் கொள்கிறோம். பழவேற்காட்டு மீனவர்களுக்கோ அது ஓர் ஏற்பாட்டின் பெயரும் ஆகும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களில், ஏரியின் நல்ல மீன்பிடி இடங்களை இன்னார் இன்ன நாளில் பயன்படுத்தலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கிறார்கள். பலசாலி என்பதற்காக ஒருவர் எல்லா நாளும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. இந்த ஏற்பாடு குறையற்றது என்று சொல்லிவிட முடியாது. மரபுரிமை உள்ளவர்களுக்கே இதில் இடம் உண்டு. நீரில் உட்கார்ந்தபடி சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் பாட்டில் பங்கு கிடையாது. ஆயினும் இதன் அடியில் உள்ள கொள்கை போற்றத்தக்கது. கிடைப்பது ஒருவரின் தயவினால் கிடைக்கக்கூடாது. முறையினால் கிடைக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கடற்கரையெங்கும் இந்த எண்ணத்தைப் பார்க்கலாம். கரைக்கு வந்த மீனை விற்ற பணத்தில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, உடன் சென்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். அங்கே யாரும் யாருக்கும் "இஷ்டப்பட்டு" கொடுப்பதில்லை. பாடுபட்டவர் தம் பங்கை நிமிர்ந்து நின்று வாங்கிக்கொள்கிறார்.

வெளியூர்ப் பிரயாணி வந்து சேரும்போதுதான் "இஷ்டம்" என்ற சொல்லும் கூடவே வந்து சேருகிறது. நாம் கொடுக்கும் பணத்தில் மூன்று ஜாதி உண்டு. முதலாவது கூலி; அது வேலைக்கு விலை, பேசியபடி கொடுத்தே தீரவேண்டிய கடன். இரண்டாவது இனாம், அரபு மொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்கு வெகுமதி என்பது பொருள். வேலை முடிந்த பிறகு, மனம் குளிர்ந்து, கூலிக்கு மேல் கொடுப்பது அது. மூன்றாவது மாமூல்; அதுவும் அரபுச் சொல்தான். வழக்கம் என்பதே அதன் பொருளாயினும், கொடாவிட்டால் காரியம் நடக்காது என்ற இடத்தில் அது இன்று குடியிருக்கிறது. கூலியை இனாம்போலக் கொடுப்பது அகங்காரம். இனாமை மாமூலாக்குவது அநியாயம். இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டால், தனிப் பிரயாணியின் சங்கடத்தில் முக்கால் பங்கு தீர்ந்துவிடும்.

மீதிக் கால் பங்குதான் தனிமையைப் பற்றியது. ஒரு சிறு படகை எண்ணிப் பாருங்கள். அதில் எட்டுப் பேர் ஏறினாலும் ஒருவரே ஏறினாலும், கோல் ஊன்றுகிறவரின் தோளுக்கு வலி ஏறக்குறைய ஒன்றுதான். காற்றும் ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான். எட்டுப் பேரும் தலைக்குக் கொஞ்சம் கொடுத்தால் அவர் பாட்டுக்குப் பலன் கிடைத்துவிடும். தனியே வந்தவர், "நான் ஒருவன்தானே!" என்று ஒரு தலைக்குரியதை மட்டும் நீட்டினால் கணக்கு சரியாகாது. ஆகவே தலையை எண்ணிக் கொடுக்காதீர்கள். உழைப்பை எண்ணிக் கொடுங்கள்.

இந்த ஒரு வாக்கியம் ஏரியைத் தாண்டிக் கடலுக்கும் பொருந்துகிறது. 2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில், சென்னைத் துறைமுகத்திலிருந்து "எம்பிரஸ்" என்ற உல்லாசக் கப்பல் விசாகப்பட்டினம் நோக்கிப் புறப்பட்டது. வடக்கே செல்லும் கப்பல்களின் வழி, ஸ்ரீஹரிக்கோட்டைக்கு அப்பாலுள்ள இந்தக் கடல்தான். நம்மவர்கள் பலர் சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தகைய கப்பல்களில் ஏறுகிறார்கள். அங்கே கேபின் என்னும் சிறு அறையைப் பெருக்கி, படுக்கை விரித்து, துவாலை மாற்றி வைக்கும் பணியாளர்களில் இந்தியர்கள் அநேகர். பல மாத ஒப்பந்தத்தில் வீட்டை விட்டு வந்தவர்கள் அவர்கள். கப்பல் தொழிலாளர்களுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்று, 2013-ல் அமலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் கூறுகிறது. ஓய்வுக்கே சட்டம் வேண்டியிருக்கிறது என்றால், வேலை எப்படிப்பட்டது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அமெரிக்கக் கம்பெனிகளின் பெரிய கப்பல்கள் பலவற்றில், இனாம் என்ற பெயரில் தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். வேறு சில கம்பெனிகள் அதை டிக்கெட் விலையிலேயே அடக்கிவிடுகின்றன. ஆகவே புறப்படுமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது முதல் காரியம். கேபின்கள் பெரும்பாலும் இருவருக்கென்று அமைந்தவையாதலால், தனியே போகிறவர் டிக்கெட்டுக்கு ஏறக்குறைய இருவர் கட்டணம் கொடுக்க நேரிடுகிறது. "அவ்வளவு கொடுத்த பிறகு இனாம் வேறா?" என்று கோபம் வருவது இயற்கைதான். ஆனால் அந்த அதிகப் பணம் கம்பெனிக்குப் போகிறது, பணியாளருக்கு அல்ல. இனாமோ தலைக் கணக்கில் ஒன்றுதான் வசூலாகிறது. ஒரே ஆள் தங்கினாலும் தரை ஒன்றுதான், குளியலறை ஒன்றுதான், கட்டிலும் ஒன்றுதான். பாதி இனாம், ஆனால் வேலை பாதியல்ல!

எனவே தனிப் பிரயாணிக்கு நாம் கூறும் யோசனை இது. கணக்கில் சேர்த்த தொகையை வெட்டச் சொல்லாதீர்கள். அதில் சமையற்கட்டிலும் சலவைக் கட்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கிறவர்களின் பங்கும் இருக்கக்கூடும். அதற்கு மேல், உங்கள் அறையைக் கவனித்தவருக்கு, ஒரு வாரப் பிரயாணமானால் இருபது முப்பது டாலரை ஓர் உறையிலிட்டு, பெயர் சொல்லி, கடைசி நாளில் கையில் கொடுங்கள். கடைசி நாள் காலையில் அவருக்கு மூச்சுவிட நேரமிராது. முந்தின நாள் மாலையே நல்லது. அவருடைய நல்ல பணியைப் பற்றி மேலதிகாரிக்கு நான்கு வரி எழுதிவையுங்கள். அதற்குச் செலவே இல்லை.

இனாம் நல்லதுதான், ஆனால் கூலிக்குப் பதிலாக அது நிற்கக்கூடாது. அமெரிக்காவில் புல்மன் கம்பெனியின் படுக்கை வண்டிகளில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பு மக்களைப் பணியாளர்களாக வைத்தார்கள். சம்பளம் சொற்பம், பிரயாணிகளின் இனாமை நம்பியே குடும்பம் நடத்த வேண்டும். முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரைக் கொண்டு, எல்லாரையும் "ஜார்ஜ்" என்றே பிரயாணிகள் கூப்பிட்டார்கள். 1925-ல் பிலிப் ராண்டால்ஃப் என்பவரின் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டார்கள். பன்னிரண்டு வருஷப் போராட்டத்துக்குப் பிறகு, 1937-ல் கம்பெனி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அவர்கள் கேட்டது அதிக இனாம் அல்ல. நியாயமான சம்பளமும், குறைந்த வேலை நேரமும், மனிதனுக்குரிய மரியாதையும். பழவேற்காட்டு மீனவர் தம் பங்கை வாங்கும்போது நிமிர்ந்து நிற்கிறாரே, அந்த நிமிர்வைத்தான் அவர்களும் கேட்டார்கள்.

மீண்டும் ஏரிக்கு வருவோம். ஏனெனில், முன்கூட்டியே கொடுக்கும் பணம் எவ்வளவு பயங்கரமானது என்பதையும் இந்த நீர்ப்பரப்பு கற்பித்திருக்கிறது. 2011-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் பண்டிகையன்று, பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்ற படகு ஒன்று கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் உண்டு. அதன் பின்னர் ஏரியில் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

தடையிருப்பதைத் தெரிந்துகொண்டே, "கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன், ஒரு சுற்று அழைத்துப் போ" என்று மீனவர் கையில் நோட்டைத் திணிக்கிறவர்கள் இல்லாமலில்லை. மீன் அகப்படாத நாளில், வீட்டில் உலை காத்திருக்கும்போது, அந்த நோட்டை மறுப்பது எளிதா? அவருடைய வறுமையின்மேல் நாம் வைக்கும் பந்தயம் அது. தனியே வந்தவருக்கு இந்த ஆசை அதிகம்; தடுத்துச் சொல்ல உடன் ஒருவரும் இல்லையல்லவா? விதியை மீறச் செய்வதற்காகக் கொடுக்கும் பணத்துக்கு இனாம் என்று பெயரிடுவது, விஷத்துக்குத் தேன் என்று பெயரிடுவது போலாகும்.

படகில் ஏறாவிட்டால் ஏரிக்கரையில் செலவழிக்க வழியில்லை என்று எண்ண வேண்டாம். பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்மணிகள் பனையோலையில் அழகான கூடைகளும் பெட்டிகளும் முடைகிறார்கள். சொன்ன விலைக்கு வாங்குங்கள். பேரம் பேசிக் குறைத்த பணத்தை வாசலில் இனாமாகக் கொடுத்துப் புண்ணியம் தேட வேண்டாம். பூநாரை நிற்கும் இடத்தை ஓர் இளைஞர் கூட நடந்து வந்து காட்டினால், அவருடைய அரை நாள் உழைப்புக்கு என்ன கூலியோ அதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். சேற்றில் இறால் தேடும் பெண்களைப் படம் பிடிக்குமுன் அநுமதி கேளுங்கள். படம் பிடித்துவிட்டுப் பத்து ரூபாயை வீசாதீர்கள். சில்லறை நோட்டுகள் கைவசம் இருக்கட்டும். கைபேசியால் பணம் அனுப்பும் காலமிது. ஆனால் கடையில் ஒட்டியிருக்கும் கட்டத்தைக் காட்டி அனுப்பும் பணம் முதலாளியின் கணக்குக்குப் போகும். தேநீர் கொண்டுவந்த பையனுக்கு வேண்டுமென்றால் அவன் கையிலேயே கொடுக்க வேண்டும்.

கொடுக்கும்போது அதிகம் பேச வேண்டாம். பிறர் பார்க்கும்படி நீட்டவும் வேண்டாம். "உங்களுக்கு மிகவும் சிரமம் கொடுத்துவிட்டேன்" என்ற ஒரு வார்த்தை போதும். அவர் வயதில் மூத்தவரானால் இரு கையாலும் கொடுங்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதும்போது இருக்கும் மரியாதை அதிலும் இருக்கட்டும்.

பிறகு, "எவ்வளவு?" என்று நீங்கள் கேட்டு, "உங்கள் இஷ்டம்" என்று அவர் சொன்னாலும் திகைப்பு வேண்டியதில்லை. அவர் பட்ட பாடு எவ்வளவு என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தால், தொகை தானே தெரிந்துவிடும்.