தண்டவாளத்தில் ஓடும் பார்

ஸ்குவாட் ராக் நின்ற மூலையில் இப்போது ஸ்மித் மெசின் நிற்கிறது. மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. திரிபிடகத்தை முதன்முதலாக ஓலையில் எழுதிய குகைகளுக்காக உலகம் அறிந்த ஊர். அங்கே வீதியோரத்து ஜிம் ஒன்றில் நீண்ட காலம் பளுதூக்கல் சொல்லிக்கொடுத்து, இந்த வருஷத்தோடு ஒதுங்கும் மாஸ்டருக்குப் பிரியாவிடைப் பரிசாகக் கிடைத்தது இந்த மாற்றம்தான். "பிரீ வெயிட் எல்லாம் பழைய முறை மாஸ்டர், இதுக்குப் பக்கத்துல ஆள் நிக்கத் தேவையில்ல" என்றார்களாம். பழைய முறை என்றதை அவர் பொறுத்துக்கொண்டார். மற்றதுதான் சுட்டது. பக்கத்தில் நிற்பதுதானே அவர் தொழில்.

மெசினுக்கும் வயது குறைவில்லை. 1950களில் அமெரிக்க உடற்பயிற்சிக்காரர் ஜாக் லலேன் யோசித்ததை, ரூடி ஸ்மித் என்பவர் திருத்திச் செய்வித்தார், பெயர் அவருடையதாகிவிட்டது. இரண்டு நிலைக்கம்பிகள், நடுவே மேலும் கீழும் மட்டும் ஓடும் பார், மணிக்கட்டைத் திருப்பினால் மாட்டிக்கொள்ளும் கொக்கி. தனியாகப் பயிற்சி செய்பவனுக்கு நல்ல ஏற்பாடு என்பதை மாஸ்டரும் மறுப்பதில்லை. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வைத்தியரின் அனுமதியோடு வருபவரை அவரே அதில்தான் நிறுத்துவார். கெண்டைக்கால் பயிற்சிக்கு அதைவிட வசதியானது இல்லை. அவர் மறுப்பது ராக்கைக் கழற்றியதை.

கணக்கிலிருந்தே தகராறு தொடங்குகிறது. பொடியன் ஒருவன் வந்து, "மாஸ்டர், நான் ஸ்குவாட் நூறு அடிப்பேன்" என்பான். எதில் என்று கேட்டால் ஸ்மித்தில். அந்த நூறில் பாருக்கு எத்தனை கிலோ போட்டான்? பளுதூக்கல் போட்டிக்குரிய ஆண்கள் பார் 20 கிலோ, பெண்கள் பார் 15 கிலோ. எந்த நாட்டு மேடைக்குப் போனாலும் அது மாறாது. ஸ்மித் பாருக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. சில மெசினில் உள்ளே எதிர் எடை தொங்கும், கைக்கு வருவது பத்துக் கிலோகூட இராது. சிலதில் இருபதைத் தாண்டும். ஒரு ஜிம்மின் நூறு அடுத்த ஜிம்மில் வேறு நூறு. அதே பொடியனை ராக்கில் நிறுத்தி அறுபது ஏற்றினால், பாரைத் தோளில் எடுத்துப் பின்னால் இரண்டு அடி வைப்பதற்குள்ளேயே தட்டுகள் கடகடக்கத் தொடங்கிவிடும். கீழே இறங்குவது பிறகு.

இறங்கி எழும்பும் முதல் நாலு விரற்கடைதான் மாஸ்டரின் வாழ்நாள் வழக்கு. அடியிலிருந்து எழும்பும்போது பெரும்பாலானோருக்கு இடுப்பு முந்திவிடும், நெஞ்சு தங்கிவிடும். பார் பெருவிரல் பக்கம் சாயும், குதி மெல்லக் கிளம்பும். முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அவர் எப்போதும் பக்கவாட்டில், முழங்கால் உயரத்துக்குக் குந்தியிருந்து பார்ப்பார். பாரின் முனையும் சப்பாத்து நாடாவின் முடிச்சும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா? ஒரு அங்குலம் முன்னே போனாலும் அன்றைக்கு எடை ஏறாது. எடையைக் குறைத்து, அடியில் இரண்டு எண்ணும்வரை நிறுத்தி, திரும்ப எழுப்புவார். ஒருவனுக்கு "குதியால நிலத்தை அமத்து" என்றால் பிடிபடும். இன்னொருவனுக்கு அதே சொல் கேட்டால் பின்னால் சாய்வான். அவனுக்கு "முதுகால பாரைத் தள்ளு" என்று சொல்ல வேண்டும். தொடையெலும்பு நீண்டவன் கூடுதலாகக் குனியத்தான் செய்வான், அது பிழையில்லை. அதைப் பிழையென்று திருத்தப்போய்ப் பிள்ளைகளின் நாரியைக் கெடுத்த பயிற்றுநர்களும் உண்டு என்பார். கணுக்கால் மடங்காதவனுக்குக் குதியின் கீழே மெல்லிய தட்டு வைத்துப் பார்த்து, வசதியிருந்தால் குதி உயர்ந்த பளுதூக்கல் சப்பாத்து வாங்கச் சொல்வார். ஆளுக்கு ஆள் மாறும் இந்த வேலைக்கு மாதக்கணக்கு ஆகும். சிலருக்கு அதிலும் வராது.

ஸ்மித்தில் இந்த நோய் தெரியவே தெரியாது. காலை ஒரு அடி முன்னே வைத்துப் பின்னால் சாய்ந்து குந்தினாலும் பார் விழாது. சாய்வைக் கம்பிகள் தாங்கிக்கொள்ளும். முன்தொடை நன்றாக எரியும், கண்ணாடியில் அழகாகவும் இருக்கும். பாரைப் பாதத்துக்கு மேலே நிறுத்தும் வேலை மட்டும் அவன் தலையிலிருந்து போய்விடும். பெஞ்ச் பிரஸ்ஸிலும் அப்படித்தான். கைக்கு விட்டால் பார் நெஞ்சின் கீழ்ப்பகுதியைத் தொட்டு, மேலேறும்போது தோளை நோக்கி வளைந்து போகும். மெசின் நேராகத்தான் போகச் சொல்லும். தோள் மூட்டு அதற்கு இசைந்து கொடுக்க வேண்டும்.

ஆய்வுகளைக் காட்டி வாதாட வரும் இளம் பயிற்றுநர்களுக்கு மாஸ்டரிடமும் பதில் உண்டு. 2009 இல் ஷ்வான்பெக் குழு கனடாவில் செய்த ஆய்வில், பிரீ வெயிட் ஸ்குவாட்டில் தசைகளின் மின் செயற்பாடு ஸ்மித்தைவிடச் சராசரி 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. பங்கெடுத்தவர்கள் ஆறே பேர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2005 இல் வந்த இன்னோர் ஆய்வு சுவாரசியமானது: ஸ்குவாட்டில் ஸ்மித்திலேயே கூடுதல் எடை தூக்கினார்கள், பெஞ்ச் பிரஸ்ஸில் தண்டவாளமில்லாத பாரில் கூடுதல் தூக்கினார்கள். தண்டவாளம் எப்போதும் உதவிதான் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை விளக்கட்டும். 2023 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த நார்வேக்காரர்கள் கண்டது அவருக்கு அவ்வளவு இனிக்கவில்லை. தசை பெருப்பதில் மெசினுக்கும் பிரீ வெயிட்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பலமோ, எதில் பழகுகிறோமோ அதில்தான் கூடுதலாக ஏறுகிறது.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் எதில் பழக வேண்டும்? பளுதூக்கல் மேடையிலும் பவர்லிஃப்டிங் மேடையிலும் நிலைக்கம்பி கிடையாது. மூன்று நடுவர்கள், மூன்று விளக்குகள், கைக்கு ஒரு பார். 2006 மெல்பேர்ன் பொதுநலவாய விளையாட்டில் 62 கிலோ பிரிவில் சிந்தன விதானகே தங்கம் எடுத்தது அந்தப் பாரில். 2022 பர்மிங்ஹாமில் 55 கிலோ பிரிவில் 225 கிலோ தூக்கி இசுரு குமார வெண்கலம் வாங்கியதும் அதில்தான். அக்கரையில் வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவில் 328 கிலோ, 2018 கோல்ட் கோஸ்டில் 317 கிலோ என்று 77 கிலோ பிரிவில் இரண்டு தங்கம் வாங்கினார். அவருடைய தகப்பனாரும் பளுதூக்கியவர். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த வித்தை மூத்தவர்கள் பக்கத்தில் நின்று கைமாற்றியது.

மேடைக்குப் போகாதவனுக்கு என்ன? மாஸ்டரிடம் இதற்கு உள்ளூர் சாட்சிகள் உண்டு. மாத்தளைக் கடைகளில் மிளகு மூட்டை லொறியில் ஏறும்போது கம்பி பிடித்துக்கொள்வதில்லை. கோயில் திருவிழாவில் சுவாமி தூக்கப் போனால் முன்னால் நிற்பவன் குட்டை, பின்னால் நிற்பவன் நெட்டை, நடுவில் வீதி பள்ளம். மெசினில் நூற்றிருபது அடிக்கும் பொடியன் அங்கே முதல் வளைவில் ஆட்டம் காண்பதை அவர் பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்ற தோட்டத்துத் தொழிலாளி ஜிம் வாசலையே மிதிக்காதவர். அவர் ஆடவில்லை.

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். ராக்கின் இரு பக்கமும் குறுக்குக் கம்பியைச் சரியான துளையில் போட்டால் எழும்ப முடியாத எடையை அதில் இறக்கிவிட்டு வெளியே வரலாம். ஸ்மித்தில் அடித் தடுப்பைப் போட மறந்து, கொக்கியும் மாட்டாமல் போனால் அங்கும் ஆள் அகப்படுவான். இரண்டிலும் தேவை சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். இப்போது ஜிம்களில் குறைவது அந்த ஆள்தான். ஏசி, பாட்டு, சுவரில் பெரிய கண்ணாடி எல்லாம் உண்டு. வெறும் பாரோடு ஒரு பிள்ளையை இரண்டு கிழமை பொறுமையாக வைத்திருக்கும் பயிற்றுநர் இல்லை. தொலைபேசியில் பார்த்ததை அப்படியே செய்யச் சொல்லி, எடையை ஏற்றி, காணொளி எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயனில்லை. காசு வாங்குகிறவர்கள் ராக்கைக் கழற்றினால் அவர்கள் எங்கே பழகுவார்கள்?

பிள்ளையை ஜிம்மில் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு மாஸ்டர் சொல்வது இவ்வளவுதான். காசு கட்ட முன்னம் உள்ளே போய்ப் பாருங்கள். ராக் ஒன்று நிற்கிறதா, அதில் குறுக்குக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் மாதம் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் நிற்பார் என்று கேளுங்கள். யாரும் நிற்கத் தேவையில்லை என்று பதில் வந்தால் வேறு ஜிம் தேடுங்கள்.