கந்தரோடை மண்ணுக்குள் ஒரு குசினி

சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகும் எங்களில் எத்தனை பேர், பக்கத்திலேயே இருக்கும் கந்தரோடைக்குப் போயிருக்கிறோம்? யாழ்ப்பாண நகரிலிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவுதான். பனைகளுக்கு நடுவே முருகைக்கல்லால் கட்டிய சின்னச் சின்னத் தாதுகோபங்கள் இருபதளவில் நிற்கின்றன. வருகிறவர்கள் அவற்றைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவை யாருடையவை என்ற வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. தமிழரிலும் பௌத்தர்கள் இருந்தார்கள் என்பது வாதாடுகிறவர்களுக்கு ஏனோ நினைவுக்கு வருவதில்லை. எனக்கு அந்தக் கற்களைவிட, சுற்றியுள்ள மண்ணுக்குள் கிடந்த சாமான்கள்தான் பெரிதாகப்பட்டன.

1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி இங்கே தோண்டினார். பழைய நாணயங்களும் மணிகளும் கிடைத்தன. அவற்றோடு செப்பால் செய்த சிறு கோல்களும் இருந்தன. கண்ணுக்கு மை தீட்டுகிற கோல்கள். எகிப்து நாட்டில் பாவித்தவற்றைப் போன்றவை என்று அவர் எழுதிவைத்தார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அரசன் பெயர் தேடித் தோண்டிய இடத்தில் ஒருத்தியின் மைக்கோல்!

1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வந்து இன்னும் ஆழமாக வெட்டினார்கள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான சட்டி ஓடுகள் வந்தன. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே இங்கே அடுப்பு எரிந்திருக்கிறது. உட்பக்கத்தில் வட்டமாகப் புள்ளிக்கோலம் போட்ட மெல்லிய தட்டங்களின் ஓடுகளும் கிடைத்தன. இந்த வகைத் தட்டம் கிரேக்க, உரோம நாடுகளிலிருந்து வந்தது என்றுதான் முன்பு நினைத்தார்கள். பிறகு களிமண்ணைச் சோதித்தபோது இந்தியாவில் வனைந்தது என்று தெரிந்தது.

ஆனாலும் கிரேக்கருக்கு எங்கள் கடல் தெரியாததல்ல. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய ஒரு கடல்வணிகக் கைநூல், இலங்கையில் கிடைப்பவை என்று முத்து, ஒளிக்கற்கள், ஆமையோடு, மெல்லிய துணி ஆகியவற்றைச் சொல்கிறது. அதே கிரேக்க நாட்டில், ஏதென்சு நகரத்து வசதியான வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்து கம்பளி நூற்று நெய்தார்கள். பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு ஊற்றடியில் நிற்பதை அவர்களுடைய சாடிகளில் வரைந்திருக்கிறார்கள். கிணற்றடிக் கதை எங்களுக்கு மட்டும் சொந்தமில்லைப் போலும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய்க்குப் போகும் வழியில் ஆனைக்கோட்டை இருக்கிறது. 1980-81 காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே பழைய ஈமக்காடு ஒன்றை அகழ்ந்தார்கள். மேலே குறியீடுகளும் கீழே பிராமி எழுத்தும் பொறித்த சிறு முத்திரை கிடைத்து, எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள். எழுத்தைக் 'கோவேத' என்று வாசித்தார்கள். நான் நினைத்துக்கொண்டது எலும்புக்கூட்டின் அருகில் வைத்திருந்த சட்டி பானைகளைத்தான். செத்தவரையும் பசியோடு அனுப்ப மனம் வராத சனங்கள்.

1995இல் வலிகாமத்தை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது, என் கையில் ஒரு சோற்றுப்பானையும் பிள்ளையின் பால்மாப் பேணியும்தான் இருந்தன. பல வருடங்களுக்குப் பிறகு திரும்பிவந்து பற்றையை வெட்டினால், குசினி இருந்த இடத்தில் அம்மியும் கொஞ்சம் சட்டி ஓடுகளும். அந்த ஓட்டைப் பார்த்தே இது கறிச்சட்டி, இது மாமி தந்த பானை என்று சொல்லிவிட்டேன். வேறு யாருக்கும் அது குப்பைதான்.

சகோதரிகளே, உங்களில் பலர் இப்போது திரும்பிய காணிகளில் வீடு கட்டுகிறீர்கள். அத்திவாரம் வெட்டும்போது கறுப்பும் சிவப்புமான ஓடோ, மணியோ, துருப்பிடித்த இரும்போ வந்தால் வேலிக்கரையில் வீசாதீர்கள். எந்த ஆழத்தில் வந்தது என்று குறித்துக்கொண்டு, நாவலர் வீதியில் உள்ள நூதனசாலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சொல்லுங்கள். மேசனுக்கும் முதலே சொல்லிவையுங்கள். அவர்கள்தான் முதலில் காண்பார்கள்.