மாமா கேட்ட ஒரு கேள்வி



"ஒரு பம்பில் என்ன பெரிய விஷயம்? டேங்கில் இருக்கும் பெட்ரோல் கார்புரேட்டருக்கு வந்தால் சரி" என்று நீங்கள் நினைக்கலாம். போன சித்திரை வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் தாய்மாமாவுக்குப் பழனி ரோட்டில் சின்ன ஒர்க்ஷாப். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். லீவு நாட்களில் நான் அங்கேதான். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான் என்பதால், என் கை வேலையைவிட என் வாய்ப் பேச்சுக்கு அங்கே மதிப்பு அதிகம்!

ஒரு நாள் ஒரு பெரியவரின் அம்பாசடர் வந்தது. முகூர்த்த நாட்களில் கல்யாண வாடகைக்கு ஓடும் வண்டி. 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் முழுசாகப் போய்விட்டது. 2014-லேயே உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டதால், அதே ரகத்தில் ஒரு பழைய என்ஜினைத் தேடி வாங்கி வந்திருந்தார். என்ஜின் எண் மாறுவதை ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வைக்கும் வேலை அவருடையது. வந்த என்ஜினில் பெட்ரோல் பம்பு இல்லை. மெக்கானிக்கல் பம்பா, எலெக்ட்ரிக் பம்பா?

"மாப்ளே, நீ படிச்சவன். நீ சொல்லு" என்றார் மாமா.

நான் விளாசித் தள்ளினேன். மெக்கானிக்கல் பம்பு என்ஜினோடு ஒட்டியிருக்கிறது. கேம்ஷாப்ட் அதன் ஆர்மைத் தட்ட, டயாப்ரம் மேலும் கீழும் போய் பெட்ரோலை இழுக்கிறது. வெயிலும் என்ஜின் சூடும் சேர்ந்தால் பெட்ரோல் ஆவியாகி 'வேப்பர் லாக்'. வண்டி நடுரோட்டில் நிற்கும். ஒட்டன்சத்திரம் தாண்டிப் பம்பில் ஈரத்துணி சுற்றிய கதையைப் பெரியவரே சொன்னார். டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய ரப்பருக்கு ஆகாது. எலெக்ட்ரிக் பம்பை டேங்க் பக்கத்தில் வைத்தால் பெட்ரோலைத் தள்ளும்; சூடும் இல்லை.

"மோரிஸ் மைனர்லயே டிக் டிக்னு எலெக்ட்ரிக் பம்பு உண்டு மாப்ளே. ஆனா..." என்று மாமா இழுத்தார். நான் கேட்கவில்லை.

அளவில் நான் தவறவில்லை. லிட்டருக்கு 10 கி.மீ., வேகம் 60 என்றால் மணிக்கு 6 லிட்டர். நிமிடத்துக்கு 100 மில்லி. ஒரு டீ கிளாஸ், அவ்வளவுதான்! இன்ஜெக்ஷன் வண்டியின் பம்பு 40 பி.எஸ்.ஐ.க்குப் பக்கத்தில் தள்ளும், கார்புரேட்டர் தாங்காது. 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாத சின்ன பம்பாக வாங்கி, இக்னிஷன் சுவிட்சிலிருந்து நேராக ஒயர் கொடுத்தேன்.

சோதனை ஓட்டம் முடிந்து ஐடிலிங்கில் என்ஜின் நின்றது. சாவி ஆனிலேயே இருந்தது. நான் பெரியவரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று பெட்ரோல் வாடை! மாமா பாய்ந்து பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். ப்ளோட் ஊசி சிக்கி, கார்புரேட்டர் வழிந்து, சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பொறி போதும்... வண்டியும் போயிருக்கும், ஒர்க்ஷாப்பும் போயிருக்கும்.

மாமா திட்டவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் பம்பு என்ஜின் நின்னா தானும் நிக்கும். இதை யாரு நிறுத்துவா?"

புத்தகப் படத்தில் பதில் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று நான்தான் தாண்டிப் போயிருந்தேன்.

"ஆயில் அழுத்தம் இருந்தா என்ஜின் ஓடுதுன்னு அர்த்தம். அதுல இருந்து யோசி" என்றார் மாமா. அன்றிரவு சர்க்யூட் வரைந்தேன். மூன்று முனை ஆயில் பிரஷர் சுவிட்ச். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒரு முனை வழியாகவும், அழுத்தம் வந்தபின் இக்னிஷன் முனை வழியாகவும் பம்புக்குக் கரண்ட் போகும். என்ஜின் நின்றால் அழுத்தம் விழும், பம்பும் நிற்கும். கூடவே ஒரு ப்யூஸ், எத்தனால் தாங்கும் புது ஓஸ், ப்ளோட்டுக்குப் புது ஊசி. பெரியவர் அடுத்த முகூர்த்தத்துக்கே பழனிக்குப் போய்வந்தார். ஈரத்துணி தேவைப்படவில்லை.

எது சிறந்த பம்பு என்று இப்போது கேட்டால், வெயிலில் நெடுந்தூரம் போகிற வண்டிக்கு எலெக்ட்ரிக், ஆனால் நிறுத்த வழி வைத்த பிறகு என்பேன். அந்த வழி வைக்கத் தெரியாதவருக்கு மெக்கானிக்கலே மேல்.

நண்பர்களே, நம்மை நம்பி நாலு பேர் "நீ படிச்சவன், சொல்லு" என்பார்கள். சொல்வதற்கு முன் எதிரில் நிற்பவர் "ஆனா..." என்று இழுத்தால், அதை முழுசாகக் கேட்டுவிடுங்கள்!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்