தோற்கக்கூடிய இடத்திற்குப் புறப்பட்டவர்

2008ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், சனிக்கிழமை மாலை. அக்காலத்தில் நான் மேற்கு இலண்டனில் ஒரு பங்கில் உதவிக் குருவாய் இருந்தேன். மறுநாள் பெந்தெகொஸ்தே பெருவிழா. ஞாயிறு காலைத் திருப்பலியைத் தவறவிடாத முதியவர் ஒருவர், அன்று மாலைத் திருப்பலிக்கே வந்துவிட்டார். கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமான கம்பளித் துண்டு.

"நாளைக்கு வெளியூர்ப் பயணமோ?" என்று வினவினேன்.

"ஆம் தந்தையே, போர்ட்ஸ்மத் செல்கிறேன். எங்கள் அணி அங்கே ஆடுகிறது" என்றார்.

அவர் குறிப்பிட்டது ஃபுல்லம் கால்பந்துக் கழகம். 1879இல் ஓர் ஆலயத்தின் ஞாயிறு பள்ளியைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய குழு அது. தேம்ஸ் நதிக்கரையிலே அதன் ஆடுகளம். இங்கிலாந்தின் முதல் பிரிவில் 20 அணிகள். ஒவ்வொன்றும் 38 ஆட்டங்கள் ஆடும். பட்டியலில் கடைசி மூன்று இடங்களில் நிற்பவை அடுத்த ஆண்டு கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும். வருமானம் சுருங்கும், நல்ல ஆட்டக்காரர்கள் விலகுவர், கழக ஊழியர் பலரின் பிழைப்பும் ஆட்டங்காணும். ஆதலால் கோப்பைக்கு நடக்கும் போட்டியைவிட, கீழே விழாதிருக்க நடக்கும் போராட்டம் கொடியது.

டார்பி அணி முன்னரே வீழ்ந்துவிட்டது. எஞ்சிய இரண்டு இடங்களுக்கு அஞ்சி நின்றவை மூன்று அணிகள். ஃபுல்லமும் ரெடிங்கும் தலா 33 புள்ளிகள், பர்மிங்காம் 32. கோல் கணக்கில் ரெடிங்கைவிட ஃபுல்லம் ஆறு கோல்கள் மேலே இருந்தது. வென்றால் ஏறத்தாழப் பிழைப்பு உறுதி. சமநிலை கண்டாலோ, மற்ற இரண்டும் வெற்றி பெறாதிருக்க வேண்டும். ரெடிங் ஆடச் சென்றதோ அந்த டார்பியிடம்!

முதியவர் இவற்றை விரல்விட்டு எண்ணிக் காட்டினார். தம் அணியின் குறைகளையும் அவர் மறைக்கவில்லை. 2006 செப்டம்பருக்குப் பிறகு வெளியூரில் ஒரு லீக் வெற்றிகூட இல்லாமல் கிடந்து, அந்த ஏப்ரலில்தான் ரெடிங்கில் வென்றிருந்தார்கள். அதன்பின் மான்செஸ்டர் சிட்டியிடம் 2-0 என்று பின்தங்கி, கடைசி நேரத்தில் 3-2 என வென்றிருந்தார்கள்.

"போர்ட்ஸ்மத் அணிக்கு அடுத்த சனிக்கிழமை எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டமாயிற்றே. நாளைக்கு முழு மூச்சாய் ஆடுவார்களா?" என்றேன்.

"பிறருடைய சோர்வை நம்பி நான் போகவில்லை" என்றார்.

அவர் முகவாட்டம் கண்டு, "கவலைப்படாதீர்கள், வெறும் விளையாட்டுத்தானே" என்று சொல்லிவைத்தேன். ஆறுதல் என்று எண்ணித்தான் சொன்னேன். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார்.

"சிறுவயதில் என் தந்தை கைபிடித்து அழைத்துச் சென்ற இடம் அது, தந்தையே. அவர்கள் விழுவதானால் யாருமில்லாமல் விழக்கூடாது. அதற்காகத்தான் போகிறேன்."

நான் நாணித் தலைகுனிந்தேன்.

மறுநாள் பிற்பகல் ரெடிங் டார்பியை 4-0 என்றும், பர்மிங்காம் பிளாக்பர்னை 4-1 என்றும் வென்றன. ஃபுல்லம் கோலின்றி இழுபறியாய் நின்றது; அப்படியே முடிந்திருந்தால் வீழ்ச்சிதான். 76ஆம் நிமிடத்தில் டேனி மர்ஃபி தலையால் முட்டிய பந்து வலைக்குள் சென்றது. 1-0. கோல் வித்தியாசத்தால் ஃபுல்லம் பிழைத்தது. மற்ற இரண்டும் இறங்கின. அடுத்த ஞாயிறு முதியவர் ஆலயத்திற்கு வந்தபோது தொண்டை கட்டிப் பேச்சே எழவில்லை. கண்கள் மட்டும் சிரித்தன.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இது வெற்றிக் கதையாகிவிடும். ஆறாண்டுகளுக்குப் பின், 2014 மே 3 அன்று, ஸ்டோக் நகரில் 4-1 எனத் தோற்று ஃபுல்லம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அப்போது நான் தாயகம் திரும்பியிருந்தேன். முதியவரிடமிருந்து இரண்டே வரியில் ஒரு கடிதம் வந்தது: "இம்முறை விழுந்துவிட்டோம். நான் அங்கே இருந்தேன்."

அன்பர்களே, அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு மருத்துவமனை நடைக்கூடத்தில் அமர்ந்திருக்கும் குடும்பத்தாரிடம், "எல்லாம் நலமாய் முடியும்" என்று சொல்லிவிட்டு விரைந்து திரும்புவது ஒருகாலத்தில் என் வழக்கமாயிருந்தது. முடிவை அறியாதவன் கொடுத்த வாக்கு அது. இப்போது அவ்வாறு சொல்வதில்லை. பொழுது புலரும்வரை அவர்களருகே ஒரு பலகையில் அமர்ந்துகொள்கிறேன். கறுப்பு வெள்ளைத் துண்டு அணிந்த அந்த முதியவர் எனக்குக் கற்பித்த பாடம் அது.