பெட்டியில் பதினொன்று

இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் போனால் யாராவது உங்களை 'வாத்தே' என்று கூப்பிடுவார்கள். சண்டைக்குப் போய்விடாதீர்கள். 'மீ டக்' என்பது அந்த ஊர் 'கண்ணு'! நண்பனின் பக்கத்து வீட்டுப் பெரியவர் முதல் நாளே என்னை அப்படித்தான் அழைத்தார். ரிடையரான பஸ் டிரைவர். தனிக்கட்டை.

"மீன் பிடிக்க வர்றியா, டக்?"

எனக்கா சொல்லித் தர வேண்டும்? மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை என்று எங்கள் ஊர் ஏரியையே கலக்கியவனாயிற்றே!

சனிக்கிழமை ஃபாக்ஸ்டன் போனோம். 1814-ல் திறந்த லாக்குகள். ஐந்தைந்தாக மொத்தம் பத்து. ஏழடி அகலப் படகு ஒன்று தண்ணீரிலேயே படியேறி 75 அடி மேட்டுக்குப் போகிறது. முக்கால் மணி நேரம் ஆகும். ஐஸ்கிரீமோடு வேடிக்கை பார்க்க ஏகக் கூட்டம். அதையெல்லாம் தாண்டி, அந்தக் காலத்தில் குதிரைகள் படகு இழுத்த பாதையில் போய் உட்கார்ந்தோம்.

பெட்டியைத் திறந்தார். உள்ளே சாண் நீளத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முழுத் தூண்டில் சுற்றியிருந்தது. நரம்பு, தக்கை, குண்டு, முள் எல்லாம் தயார். கடைசி நுனியைச் சின்ன ரப்பர் இழுத்துப் பிடித்திருக்கிறது. நரம்பு தொய்ந்தால் சிக்கிக்கொள்ளுமாம். ஓரத்தில் பேனாவால் '4x14, நாலடி, முள் 20' என்று ஜாதகம்.

"எதுக்கு ஸார் இத்தனை?"

"கரையோரம் ஆழம் கம்மி. படகு போற நடுவுல ஜாஸ்தி. எதிர்க்கரையில மறுபடி கம்மி. ஒண்ணு சிக்கினா உடனே அடுத்ததை மாட்டணும். இங்க உட்கார்ந்து முடிச்சுப் போட்டா லீவு நாள் போச்சு."

எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

"மூணு வருஷம் முன்னால கட்டினது. அப்புறம் கண்ணு சரியில்லை. இது தீர்ந்தா அவ்வளவுதான்" என்றார், பஸ் டைம் சொல்கிற மாதிரி.

என் கையில் பதினோரு மீட்டர் கம்பைக் கொடுத்தார். மூன்றாவது வீச்சிலேயே தூண்டில் எதிர்க்கரை முள்மரத்தில்! ஊர் ஞாபகத்தில் வெடுக்கென்று இழுத்தேன். முள் கட்டிய நரம்பை எப்போதும் மெல்லிசாகப் போடுவார்களாம், அறுந்தால் முள்ளோடு போகட்டும் என்று. நான் இழுத்த இழுப்பில் தக்கைக்கு மேலேயே 'டப்'! சிவப்பு நுனித் தக்கை கிளையில் ஆடியது.

பெரியவர் திட்டவில்லை. "பத்து" என்றார். திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் ஆறு 'ரோச்' பிடித்தார். (பயப்படாதீர்கள், மீன்தான்.) கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தண்ணீரிலேயே விட்டார். என் நாக்கில் குழம்பு வாசனை வந்து போனது.

அன்று ராத்திரி அவர் வீட்டு சமையலறை மேஜை. அவர் சொல்லச் சொல்ல நான் கட்டினேன். நம்பர் கூடக் கூட முள் சின்னதாகும். இருபதாம் நம்பர் முள் அரிசி அளவுகூட இல்லை. காதும் கிடையாது, தலை தட்டை. நரம்பை ஏழு சுற்றுச் சுற்றி, எச்சில் தடவி இறுக்க வேண்டும். என் கண்ணே பூத்துவிட்டது. அவரைச் சொல்வானேன்?

அப்புறம் குண்டுகள். ஈயத்தைத் தின்று அன்னங்கள் செத்ததால் 1987-லிருந்து இங்கே தடை. 0.06 கிராமுக்குக் கீழே உள்ள பொடிக்கு விலக்கு உண்டு. கடுகை விடச் சிறிய அந்தக் குண்டுகளை நரம்பில் கடித்து... ஸாரி, இடுக்கியால் அழுத்த வேண்டும். தக்கையை உயரமான கண்ணாடி ஜாடித் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். நுனி மட்டும் தெரிந்தால் சரி. எனது முழுசாக மூழ்கியது. ஒரு குண்டைக் கழற்றினேன். மிதந்தது.

பதினொரு மணிக்குள் மூன்று கட்டினேன். கட்டைவிரலால் முடிச்சைத் தடவிப் பார்த்து, இரண்டைக் கத்தரித்துக் குப்பையில் போட்டார். மூன்றாவதைச் சட்டத்தில் சுற்றி, ரப்பரை மாட்டி, பேனாவை நீட்டினார்.

"எழுது. உன் எழுத்துலயே எழுது."

'நாலடி, முள் 20' என்று தமிழில் எழுதினேன். வாங்கி உற்றுப் பார்த்தார்.

"நல்லது, டக். மரமே இல்லாத இடத்துக்குப் போனா, முதல்ல இதைத்தான் எடுப்பேன்."