கழுதைப்புலி கற்பித்த பாடம்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த நாள்முதல் முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன் நிற்பவன் நான். விலங்குகளைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் சிங்கம் காட்டின் அரசன் என்றும், கழுதைப்புலி பிறர் உழைப்பில் வயிறு வளர்க்கும் கோழைத் திருடன் என்றும் தயக்கமின்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சிங்கத்தையேனும் கம்பிகளுக்கு அப்பால் கண்டதுண்டு. கழுதைப்புலியையோ படத்தில் மட்டுமே அறிவேன். ஆயினும் என் குரலில் ஐயத்தின் சாயல் ஒருநாளும் இருந்ததில்லை.

2023ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில், பணி ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர்கள் இருவருடன் ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. அருஷா நகரில் புறப்பட்ட எங்கள் வண்டி, கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் குளிர்ந்த விளிம்பைக் கடந்து, செரங்கெட்டிச் சமவெளியில் இறங்கிற்று. மாசாய் மக்களின் மொழியில் அப்பெயருக்கு முடிவின்றி விரிந்த நிலம் என்று பொருள் கூறுவர். 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 14,750 சதுர கிலோமீட்டர். நம் கிளந்தான் மாநிலத்திற்கு ஏறக்குறைய ஈடானது. காட்டைக் காணப் போனவன் கண்டது கடல்போன்ற புல்வெளியை! காட்டின் அரசன் எனப்பட்டவன் வாழ்வது இந்தத் திறந்த வெளியில்தான் என்பதை உணர்ந்தபோது, என் பாடத்தின் முதல் வரியே ஆட்டங்கண்டது.

எங்கள் வண்டியோட்டியே வழிகாட்டியும் ஆவார். முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். எங்களைக் கண்டதும், மூத்தோரை வணங்கும் சுவாகிலி முகமனாகிய 'ஷிகாமோ' என்னும் சொல்லால் வரவேற்றார். நான் ஆசிரியன் என்றறிந்த பின்னர் என்னை 'முவாலிமு' என்றே அழைத்தார். ஆசிரியர் என்பது அதன் பொருள். அந்நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியராய் இருந்தவர். ஆட்சிப் பீடம் ஏறிய பின்னும் மக்கள் அவரை அப்பெயராலேயே அழைத்தனர். அத்தகைய பெயரால் அழைக்கப்பட்டபோது என் நெஞ்சு சற்றே நிமிர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

செரோனெரா என்னுமிடத்தில் கூடாரமிட்டோம். சுற்றிலும் வேலி இல்லை. சமைக்கவும் உண்ணவும் மட்டும் கம்பி வலையடித்த கொட்டகை இருந்தது. மனிதர் கூண்டுக்குள் இருந்து உண்ண, விலங்குகள் வெளியே உலவின! "உணவுப் பொருள் எதையும் கூடாரத்தில் வைக்காதீர்கள். இரவில் என்ன ஒலி கேட்டாலும் வெளியே வராதீர்கள்" என்று வழிகாட்டி இருமுறை எச்சரித்தார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எனக்கும் இருளுக்கும் இடையே துணிச்சுவர் ஒன்றே இருந்தது. நள்ளிரவுக்குப் பின், தொலைவில் தாழ்ந்து தொடங்கி மேலெழுந்து முடியும் ஒரு நீண்ட கூவல் கேட்டது. அதற்கு மறுமொழியாக வேறொரு திசையிலிருந்து மற்றொன்று. பின்னர்க் குளம்புகள் ஓடும் ஓசை. சற்று நேரத்தில் பைத்தியக்காரச் சிரிப்பைப் போன்ற கெக்கலிப்புப் பல குரல்களில் எழுந்தது. அதன்பின் நெடுநேரம் கழித்தே, மண்ணையே அதிரச் செய்யும் சிங்கத்தின் கர்ச்சனை! கெக்கலிப்பு கூச்சலாகி, சிதறி, அடங்கிற்று. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

விடியற்காலையில் புறப்பட்டோம். இரண்டு கிலோமீட்டர் சென்றிருப்போம், வண்டி நின்றது. வரிக்குதிரை ஒன்றின் உடலைப் பெண்சிங்கங்கள் மூன்றும் பிடரிமயிர் அடர்ந்த ஆண்சிங்கம் ஒன்றும் உண்டு கொண்டிருந்தன. முப்பது அடிக்கு அப்பால் ஏழெட்டுக் கழுதைப்புலிகள் தலையைத் தாழ்த்திச் சுற்றிச் சுற்றி வந்தன. அவற்றுள் ஒன்று துணிந்து நெருங்கியபோது ஆண்சிங்கம் உறுமித் துரத்திற்று. அது வாலை மடக்கிக்கொண்டு ஓடியது.

நண்பர்கள் பக்கம் திரும்பி, வகுப்பில் பேசும் குரலில், "பார்த்தீர்களா? வேட்டையாடியவன் உண்கிறான், திருடன் காத்திருக்கிறான்" என்றேன்.

வழிகாட்டி உடனே மறுக்கவில்லை. தொலைநோக்கியை என் கையில் தந்து, "முவாலிமு, அந்தக் கழுதைப்புலிகளின் முகத்தைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். முகமும் கழுத்தும் மார்பும் உலர்ந்த குருதியால் கறுத்திருந்தன.

"இரவில் நீங்கள் உறங்கினீர்களா?"

"இல்லை."

"எந்தக் குரல் முதலில் கேட்டது?"

என்னால் மறுமொழி கூற இயலவில்லை. முதலில் கேட்டது கழுதைப்புலியின் கூவல். சிங்கத்தின் குரல் இறுதியில் வந்தது. வேட்டையாடியவை பசியோடு வெளியே நின்றன. பறித்தவன் அரசனைப்போல் அமர்ந்து உண்டான். செவி சரியாகவே கேட்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் சென்று தீர்ப்பு எழுதியதோ என் பழைய பாடம்.

அவர் மேலும் விளக்கினார். ஹன்ஸ் குரூக் என்னும் விலங்கியலார் 1960களில் செரங்கெட்டியிலும் கோரோங்கோரோவிலும் இரவு இரவாகக் கழுதைப்புலிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். 1972இல் அதனை நூலாக வெளியிட்டார். கோரோங்கோரோவில் கழுதைப்புலிகள் தம் உணவின் பெரும்பகுதியைத் தாமே வேட்டையாடுகின்றன என்பதும், அவற்றின் இரையைச் சிங்கங்கள் பறித்துக்கொள்வது அங்கு வழக்கம் என்பதும் அவர் கண்ட உண்மைகள். பொழுது விடிந்தபின் வந்து பார்ப்போர் கதையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டனர். கழுதைப்புலியும் வாய்ப்புக் கிடைத்தால் பிறர் இரையைப் பறிக்கும் என்பது உண்மையே. ஆயினும் திருட்டுப் பட்டம் அதற்கு மட்டுமே உரியதன்று. நாம் சிரிப்பென்று எண்ணும் ஒலிகூட மகிழ்ச்சியால் எழுவதன்று. பரபரப்பிலும், வலிய விலங்கு தாக்கும்போதும் எழுவதாம்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். என் மனமோ செரங்கெட்டியில் இல்லை. அது முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய தோட்டப் பள்ளி ஒன்றின் தாழ்வாரத்தில் நின்றது.

ஓய்வு நேரம். தோற்றப் பொலிவும் படிப்பும் வாய்ந்த மாணவர் தலைவன் ஓர் உணவுப் பொட்டலத்தைப் பிரித்து உண்டு கொண்டிருந்தான். கிழிந்த சட்டையணிந்த சிறுவன் ஒருவன் அதன்மேல் பாய்ந்து பறிக்க முயன்றான். கண்ணால் கண்டேன், வேறு சாட்சி எதற்கு? "திருடித் தின்னும் கழுதைப்புலி" என்று பலர் முன்னிலையில் ஏசி, பிரம்பால் இரண்டு கொடுத்தேன். பிள்ளைகள் சிரித்தனர். அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. பள்ளி முடியும்வரை அந்தப் பெயரே அவனைத் துரத்திற்று.

அப்பொட்டலம் அவனுடையதே என்பதையும், பால்வெட்டுக்குப் போகுமுன் அவன் தாய் விடியலில் கட்டிக் கொடுத்த சோறு அது என்பதையும் மறு ஆண்டுதான் அறிந்தேன். அதற்குள் அவன் குடும்பம் வேறு தோட்டத்திற்குப் பெயர்ந்துவிட்டது. தேடிச் சென்றிருக்கலாம். ஆசிரியன் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற செருக்கு என்னைத் தடுத்தது. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று அழகிய கையெழுத்தில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியவன்தான் நான். அன்று அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

வண்டி புறப்பட்டது. சிங்கங்கள் வயிறு நிரம்பி நிழலை நாடின. காத்திருந்த கழுதைப்புலிகள் எஞ்சிய எலும்புகளை நோக்கி நடந்தன. அவற்றின் நடையில் கோழைத்தனம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

தாயகம் திரும்பியபின் விலங்குகளைப் பற்றிய பாடத்தைத் திருத்திக்கொண்டேன். அது எளிது. இப்போது என் அறைக்கு ஒரு மாணவனைக் குற்றவாளி என்று அழைத்து வரும்போதெல்லாம், அவனை அமரச் சொல்லி, "முதலில் என்ன நடந்தது?" என்று கேட்கிறேன். விடையைக் கேட்ட பின்னரே வாய் திறக்கிறேன். அந்தச் சிறுவன் இன்று நாற்பது வயதைக் கடந்தவனாய் எங்கோ இருப்பான். அவனிடம் கேட்கத் தவறிய கேள்வியைத்தான் இப்பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.