சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்து

என் கட்சிக்காரர் திருப்பூரில் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தவர். ஒரு கல்லூரி விளையாட்டு விழாவுக்காகச் சிவப்பு டீ-ஷர்ட்டில் வெள்ளை எழுத்து அடித்துக் கொடுத்தார். கொடுத்த அன்று பளிச்சென்றிருந்த வெள்ளை, சில நாளிலேயே ரோஸாகிவிட்டது. கல்லூரி பில்லை நிறுத்தியது. இவர் துணிக்காரருக்குப் பணத்தை நிறுத்தினார். துணிக்காரர் வழக்குப் போட்டார்.

"மை மட்டம், துணி சுத்தக் காட்டன்" என்பது அவர் தரப்பு. பில்லிலும் அப்படித்தான் இருந்தது: காட்டன், 180 ஜி.எஸ்.எம். கட்சிக்காரர் என் அலுவலகத்திலேயே ஓரத்து நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். சாம்பலாக உதிராமல், நுனியில் கறுப்பு மணியாக உருண்டு இறுகியது. பாலியஸ்டர் கலப்பு!

பாலியஸ்டருக்கு ஏற்றும் சாயம் சூட்டில் ஆவியாகக் கூடியது. பிளாஸ்டிசால் மையையோ 160 டிகிரி வாக்கில் சூடேற்றித்தான் பதிய வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் துணியின் சிவப்பு கிளம்பி வெள்ளைக்குள் புகுந்துவிடும். மூட்டை கட்டிய பிறகும் ஊறிக்கொண்டே இருக்கும். கலப்பு என்று தெரிந்திருந்தால் இவர் குறைந்த சூட்டில் பதியும் மையை எடுத்திருப்பார்.

தீக்குச்சியை நீதிமன்றம் ஏற்காது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26, விதி 10-ஏ-யின்படி மனுப் போட்டுத் துணியை ஆய்வுக்கு அனுப்பினோம். சல்ஃபியூரிக் அமிலத்தில் பருத்தி கரைந்துபோக, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாலியஸ்டர் மிஞ்சியது.

"சாம்பிளைத் தொட்டுப் பார்த்துத்தானே வாங்கினார்?" என்று கூண்டில் நின்று கேட்டார் துணிக்காரர். நல்ல கேள்விதான். ஆனால் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. சாம்பிளோடு பொருந்தினால் மட்டும் போதாது, சொன்ன விவரத்தோடும் பொருந்த வேண்டும் என்கிறது 15-ஆம் பிரிவு. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறைக்கு, சாம்பிள் காட்டி விற்றவரே பொறுப்பு என்கிறது 17-ஆம் பிரிவு.

எங்கள் பக்கமும் ஒரு ஓட்டை இருந்தது. துணியை வெட்டித் தைத்து அச்சும் அடித்தாயிற்று. சட்டப்படி அது சரக்கை ஏற்றுக்கொண்டதுதான். திருப்பிக் கொடுக்க வழியில்லை. நஷ்டத்தை விலையில் கழிக்கச் சொல்லி 59-ஆம் பிரிவில்தான் கேட்க முடியும். கட்சிக்காரருக்கு இது பிடிக்கவேயில்லை. "பைசா தரமாட்டேன் சார்" என்பதே அவர் பல்லவி.

நஷ்டத்தைக் கழித்துக்கொண்டு, சொற்ப மீதிக்குத் தீர்ப்பானது. அதைக் கட்டவும் முணுமுணுத்தார். அப்பீல் போகலாமா என்றார். வேண்டாமென்று சொல்லிக் கட்டவைத்தேன்.